உடையாத க்யூப்

நசுக்கும் மிஷினின் முள் வேண்டிய அளவைத் தாண்டி ஏறியும் உள்ளே இருந்த க்யூப் உடையவில்லை.

"பாத்தீங்களா, இது கான்கிரீட்டு!" என்றார் லேப் சார், தான் பெற்ற பிள்ளை மார்க் வாங்கியதுபோல.

மேஸ்திரியின் மகள் கண்கொட்டாமல் பார்த்தாள். கட்டுமானத் தொழில்நுட்பம் படிக்க அப்பாவும் பெண்ணும் ஏறி இறங்கும் நாலாவது காலேஜ் இது. முதல் மூன்றில் லேப் கதவுக்குப் பூட்டு, மிஷினுக்குப் பாலித்தீன் உறை. ஒரு இடத்தில் சாவி வைத்திருந்தவரே லீவு.

இங்கேதான் நிஜக் கட்டிடங்களின் க்யூபைச் சோதிக்கிறார்கள். அரையடிக் கான்கிரீட் கட்டி, அவ்வளவுதான் அது. கட்டிடத்துக்குக் கலக்கும் கலவையிலேயே கொஞ்சம் அள்ளி வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் போட்டு, பிறகு நசுக்கிப் பார்ப்பார்கள். க்யூப் தாங்கினால் கட்டிடமும் தாங்கும்.

"எங்கப்பா மேஸ்திரி சார். இதெல்லாம் அவருக்கு அத்துப்படி." மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்பா, நான் இங்கயே சேந்துடறேன்."

மேஸ்திரி க்யூபை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எந்தக் கட்டிடத்தோடது சார்?"

லேப் சார் ஜன்னலைக் காட்டினார். வெளியே சாரம் பிரிக்காத ஆறு மாடி. "உங்க பொண்ணு தங்கப்போற ஹாஸ்டல்தான். முந்நூறு பொண்ணுங்க இருக்கலாம்."

"ஹாஸ்டல் வேணாம்மா. வீட்டுலேர்ந்தே போய்ட்டு வா."

"தெனம் நாலு மணி நேரம் பஸ்லயா? என்னப்பா ஆச்சு உங்களுக்கு?"

பெண்ணைப் பிரிய மனமில்லாத அப்பாக்களை லேப் சார் நிறையப் பார்த்தவர். க்யூபை எடுத்து மேஜைமேல் வைத்துத் தட்டினார். "பயப்படாதீங்க. கண்ணால பாத்தீங்களே, இதுக்கு மேல என்ன உத்தரவாதம் வேணும்?"

க்யூபின் தலையில் ஆணியால் கீறியிருந்த தேதி, மேஸ்திரி தன் கைப்பட எழுதியது.

அவர் வேலை பார்க்கும் கான்ட்ராக்டரின் குடோனில் எல்லா சைட்டுக்கும் க்யூப் வார்ப்பவர் அவர்தான். தனித் தட்டில், சிமெண்டை இரண்டு பங்கு கூட்டி, கல்லைப் பொறுக்கிப் போட்டு, பக்குவமாக வார்ப்பார். சைட்டுக்குப் போகும் கலவையே வேறு. எந்த சைட் என்று இத்தனை வருஷத்தில் அவர் கேட்டதில்லை. கேட்டால் தூக்கம் போய்விடும்.

சொல்லிவிடலாம். வேலை போனால் போகட்டும். ஆனால் மகள் எதிரில் அல்லவா சொல்ல வேண்டும்? அந்த வெட்கத்தை நினைத்ததுமே அவருக்கு நாக்கு எழவில்லை. மிஷினே சொன்ன பிறகு மேஸ்திரி பேச்சை யார் நம்பப்போகிறார்கள் என்று தனக்குத்தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

அதற்குள் மகள் விண்ணப்பத்தை நிரப்பிவிட்டாள். ஹாஸ்டல் என்ற கட்டத்தில் டிக். பக்கத்திலேயே, கீழ்மாடி கொடுத்தால் நல்லது என்று ஒரு வரி. அப்பா பயப்படுகிறாரே என்று அவருக்காக எழுதியது.

மேஸ்திரி கையெழுத்துப் போட்டார்.

தேதியை மட்டும் மகளையே எழுதச் சொன்னார்.