ஒன்பதாம் சி-யின் அமைதி

ஒன்பதாம் வகுப்பு சி பிரிவு நாலு நாளாக வாயைத் திறக்கவில்லை. சரித்திர ஆசிரியருக்குச் சந்தேகம் தட்டியது.

அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் லவுட்ஸ்பீக்கர். அவர் மூன்றாம் மாடியில் நடத்தும் பாடத்தைக் கேட்டே வாசல் காவலாளி பரீட்சை எழுதிவிடலாம். அந்தத் தொண்டைக்குள் போன வாரம் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஒரு மாசம் குரலை உசத்தவே கூடாது. மீறினா இருக்கிற குரலும் போயிடும்."

மனைவியைத் தவிர யாரிடமும் அவர் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. குரல் போன வாத்தியாரை எந்தப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளும்? போதாக்குறைக்கு, விஷயம் தெரிந்தால் சி பிரிவு தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அதனால் பாடத்தையெல்லாம் படமும் குறிப்புமாகப் போனில் ஏற்றிக்கொண்டார். போனில் இருப்பது வயரே இல்லாமல் அவர் முதுகுக்குப் பின்னால் பெரிய திரையில் தெரிந்தது. மேஜைமேல் போனை வைத்து விரலால் தள்ளினால் போதும், பேச்சு மிச்சம். பிள்ளைகள்மேல் வைத்த கண்ணை மட்டும் அவர் எடுக்கவில்லை.

அந்தக் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. காகித ராக்கெட் இல்லை, பெஞ்சில் தாளம் இல்லை. இதுகள் சும்மா இருக்கிற ரகமே இல்லையே.

"சி பிரிவா? அமைதியாவா?" என்றார் கணக்கு டீச்சர். "சார், எதுக்கும் நாற்காலியைத் தடவிப் பார்த்துட்டு உக்காருங்க."

தடவிப் பார்த்தார். டஸ்டரை முகர்ந்துகூடப் பார்த்தார். ஒன்றுமில்லை.

ஐந்தாம் நாள் கடைசி பெஞ்சில் ஒருவன் தும்மப் போனான். பக்கத்தில் இருந்தவள் சட்டென்று அவன் மூக்கைப் பொத்தினாள். ஆசிரியருக்குப் பொறுமை போய்விட்டது.

"எழுந்திருங்க ரெண்டு பேரும்" என்றார், அடிக்குரலில். "எல்லாரும் சேர்ந்து எனக்கு எதிரா என்னமோ பண்றீங்க. என்னன்னு சொல்லலேன்னா நேரா தலைமையாசிரியை ரூமுக்குத்தான்."

"ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லாமத்தான் தும்மலுக்குக்கூடத் தடையா?"

அந்த நேரம் பார்த்து மொத்த வகுப்பும் அவர் தலைக்குமேல் பார்த்தது. அவரும் திரும்பிப் பார்த்தார்.

போர்க்கள வரைபடத்தின் உச்சியில், முழ நீள எழுத்தில், மனைவியின் மெசேஜ்.

'மாத்திரை போட்டாச்சா? அந்தக் குரங்குங்க எவ்வளவு கத்தினாலும் நீங்க கத்தாதீங்க. குரல் போனா திரும்ப வராதுன்னு டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.'

"தினமும் பத்தரைக்கு வருது சார்" என்றாள் வகுப்புத் தலைவி. "நாங்க யார்கிட்டயும் சொல்லல."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

தும்மலை அடக்கியவன் மூக்கைத் தேய்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"அவங்க பாவம் சார், தினமும் கவலைப்படறாங்க. குரங்குங்க கத்தலைன்னு ஒரு பதில் போட்டுடுங்க."