பிக்கப் டெஸ்ட்

"என் உளுந்து மேல சக்கரம் ஏறுச்சு, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

மதகுச் சுவரிலிருந்து இறங்கி வந்த அந்த அம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காருக்கு முன்னால் நின்றாள். விஸ்வாவுக்குச் சுர்ரென்று ஏறியது. பூதலூரைத் தாண்டி, வாய்க்காலை ஒட்டி, ஒரு கிலோமீட்டர் வளைவே இல்லாமல் ஓடும் இந்த ரோட்டை அவன் நேற்றே பார்த்து வைத்திருந்தான். இன்று வந்தால், மதகிலிருந்து நூறடி நீளத்துக்கு ரோடு முழுக்கக் காய்ந்த உளுந்துச் செடி, வேரும் காயுமாகக் கிடக்கிறது.

ரோடு என்ன உங்கள் வீட்டு வாசலா என்று கேட்டான். உன் அப்பன் போட்ட ரோடா என்று அவள் திருப்பிக் கேட்டாள். மேற்கே மழை கருத்திருக்கிறது, சாயங்காலத்துக்குள் உளுந்து வீடு சேர வேண்டும், மூன்று மாதப் பாடு என்று மூச்சு விடாமல் அடுக்கினாள்.

அவனுக்கும் அவசரம் இருந்தது. ஷோரூம்காரர்கள் முதல்முறையாக அவனை நம்பிக் கொடுத்த ஆட்டோமேட்டிக் கார் அது. நாலு மணிக்குத் தஞ்சாவூரில் திருப்பி விட வேண்டும். அதற்குள் டி-யில் ஓட்டினால் எவ்வளவு பிக்கப், எஸ்ஸில் போட்டால் எவ்வளவு என்று நேரம் பிடித்தாக வேண்டும். டி சாதாரண ஓட்டம், பெட்ரோலை மிச்சம் பிடிக்கச் சீக்கிரமே அடுத்த கியருக்குப் போய்விடும். எஸ் என்றால் ஸ்போர்ட், கியரை விடாமல் பிடித்துக்கொண்டு கால் வைத்ததுமே பாயும். எஸ்ஸெல்லாம் வெறும் சத்தம் என்று அவனுடைய போன வீடியோவுக்குக் கீழே நூறு பேர் கிண்டலடித்திருந்தார்கள். இன்றைக்கு நிரூபிக்காவிட்டால் சேனலை இழுத்து மூட வேண்டியதுதான்.

நண்பன் நவநீத் கேமராவை மதகுச் சுவரில் நிறுத்தி ஓட விட்டுவிட்டு, போனில் நேரம் பிடிக்கக் காரில் ஏறிக்கொண்டான். செடியைத் தாண்டிப் போய் அங்கிருந்து கிளம்பலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். இத்தனை ஏச்சு வாங்கிய பிறகு ஒதுங்கிப் போவதா என்று விஸ்வா டி-யில் போட்டு மிதித்தான். செடி நொறுங்க நொறுங்கக் கார் பறந்தது. எண்பதைத் தொட எட்டரை விநாடி.

திரும்பி வந்தபோது அவள் செடியை ஓரம் கட்டியிருப்பாள் என்றுதான் நினைத்தான். அவளோ கவைக்கம்பால் கிளறிப் புரட்டி, ரோட்டுக்கு நடுவிலேயே மறுபடி பரப்பிக்கொண்டிருந்தாள். என்ன திமிர் என்று பல்லைக் கடித்தான். சோறுதான் தின்கிறாயா, கண் என்ன பிடரியிலா இருக்கிறது என்று அவள் ஆரம்பித்தாள்.

அடுத்தது எஸ். கால் வைத்ததும் எஞ்சின் அலறியது, சக்கரங்கள் செடியில் வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றின. ஒன்பது விநாடிக்கு மேல் ஆகிவிட்டது.

"கமெண்ட்ல சொன்னது சரிதான்டா. சத்தம்தான் வந்துச்சு" என்றான் நவநீத்.

விஸ்வாவுக்குக் காது மடலெல்லாம் கொதித்தது. எல்லாம் அந்தப் பொம்பளையால் வந்த வினை. மறுபடி எஸ், மறுபடி வழுக்கல். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் செடி நடுரோட்டில், அவள் வாயில் புது வசவு. ஐந்தாவது ஓட்டம் முடிந்து வந்தபோது அவனுக்கே சலித்துப்போய், தொலையட்டும், செடியைத் தாண்டியே கிளம்பலாம் என்று வண்டியை நகர்த்தினான்.

"அவ்வளவுதானா உன் வீரம்? தைரியம் இருந்தா இன்னொரு தடவை ஏத்திப் பாரு" என்று முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது.

ஏற்றினான். ஒரு தடவையா, நாலு தடவை. ஒன்பதாவது ஓட்டத்தில்தான் சூட்சுமம் பிடிபட்டது. எஸ்ஸில் எடுத்ததுமே முழுசாக மிதிக்காமல், அரைக் காலில் கிளப்பிச் சக்கரம் பிடித்த பிறகு மிதித்தான். ஏழேகால் விநாடி. நவநீத் நம்பாமல் போனை இரண்டு தடவை பார்த்தான்.

கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதும் விஸ்வாவின் ஆத்திரம் அடங்கவில்லை. கண்ணாடியை இறக்கினான்.

"நானும் தஞ்சாவூர் மண்ணுக்காரன்தாங்க. எங்க தாத்தாவுக்குத் திருக்காட்டுப்பள்ளி. உங்க உருட்டல் மிரட்டலெல்லாம் வேற யார்கிட்டயாவது வெச்சுக்குங்க."

அவள் கம்பை ஊன்றிக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"தஞ்சாவூரா? நல்லாத் தெரியுது" என்றாள்.

அந்தப் பதில் வழியெல்லாம் அவனைக் குடைந்தது. காரை ஒப்படைத்துவிட்டு லாட்ஜ் அறைக்கு வந்ததும் வேலையில் உட்கார்ந்தான். எப்போதும்போல "நான் தஞ்சாவூர் மண்ணுக்காரன்" என்று தொடங்கும் வணக்கத்தைச் சேர்த்துவிட்டு, அந்தப் பொம்பளையின் அட்டகாசத்தையும் ஊர் பார்க்கட்டும் என்று அவள் ஏச்சையெல்லாம் வெட்டி எடுக்க ஹெட்போனை மாட்டினான். ஆறாவது ஓட்டம். கார் ரோட்டின் அந்தக் கோடியில் புள்ளியாகத் தெரிந்தது. அவள் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அமிர்தலிங்கம் அண்ணே, குந்தவை பேசறேன். உளுந்து மேல ஓட்ட உங்க டிராக்டருக்கு மூணு நாளாக் காத்திருந்தது போதும், இனிமே வேணாம்ணே. ஒரு கார்காரத் தம்பி வந்து ஓட்டிக்கிட்டிருக்கு, பாதிக்கு மேல காய் உடைஞ்சு உதிர்ந்துடுச்சு. நல்லபடியாக் கேட்டா பாவம்னு ஒதுங்கிப் போயிடும், திட்டுனாத்தான் ஏத்துது. இருங்க, திரும்பி வருது, ஒரு ஏச்சு ஏசிட்டு வந்துடறேன்."