காற்றுத் துளை

வெங்காய லாரிக்காரன் வந்து கதவைத் தட்டுவது இது மூன்றாவது தடவை.

"யோவ் பெருசு, என்ஜினை அணைய்யா! டீசல் என்ன உன் மாமனார் வீட்டுக் கிணத்துலயா ஊறுது? புகை மொத்தமும் என் மூஞ்சியிலதான் அடிக்குது."

"கோழிக்குஞ்சு லாரிய்யா இது. ஃபேன் ஓடணும்."

பெரியவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. முன்னால் ஏழு லாரி. அதற்கு முன்னால் எல்லை கேட். கேட்டுக்கு அந்தப் பக்கம், மஞ்சள் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறாள் மகள். மூன்று நாளாக அங்கேதான் நிற்கிறாள்.

முன்பெல்லாம் அந்த இடத்தில் ஒரு மூங்கில் கழிதான் குறுக்கே கிடக்கும். காவலுக்கு இருப்பவன் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே கழியைத் தூக்கிவிடுவான். இவர் பக்கத்துக் குஞ்சு அங்கே போகும், அந்தப் பக்கத்துத் தீவனம் இங்கே வரும். வரி என்று யாரும் வாயைத் திறந்ததில்லை.

ஒன்பது நாளைக்கு முன்னால் இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்களும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கை குலுக்காமல் எழுந்து போனார்கள். அதோடு பழைய வரியில்லா ஒப்பந்தம் முறிந்தது.

முட்டைக்கு அது எப்படித் தெரியும்? பொரிக்கிற மெஷினுக்குள் வைத்து அன்றைக்குப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. இருபத்தோராம் நாள் ஓட்டை உடைத்துக்கொண்டு அது பாட்டுக்கு வெளியே வந்துவிட்டது. பன்னிரண்டாயிரம் குஞ்சு.

முட்டையை விட்டு வரும்போதே மூன்று நாளைக்கு வேண்டியதை வயிற்றில் கட்டிக்கொண்டு வருகிற ஜாதி அது. தீனி வேண்டாம், தண்ணீர் வேண்டாம். அந்த நம்பிக்கையில்தான் குஞ்சு வியாபாரமே நடக்கிறது. பெரியவர் இந்த உலகத்தில் நம்பியது அந்த ஒன்றைத்தான்.

மனிதர்களை அவர் நம்புவதில்லை. ஒருவன் குனிந்து கும்பிட்டால், கீழே கிடந்த எதை எடுத்தான் என்று பார்ப்பார்.

முதல் நாள் காலையில் இதே வெங்காயக்காரன் வந்து பதமாகத்தான் சொன்னான்.

"பெரியவரே, இந்த வரிசை நகர மூணு நாளாவது ஆகும். உயிரை வெச்சுக்கிட்டு நிக்காதீங்க. திரும்பிடுங்க."

என் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறான் பயல் என்று நினைத்தார். "உன் வெங்காயத்தை நீ பாரு" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அவன் சொன்னது நிஜம் என்று மறுநாள் தெரிந்தது. அதற்குள் பின்னால் இருநூறு லாரி. திரும்ப வழியில்லை.

பின்கதவில் ஈய சீல் தொங்கியது. புதுச் சட்டம். சீலை உடைத்தால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய், முதலிலிருந்து பரிசோதனை. பெட்டிகளைத் திறந்து ஒரு சொட்டுத் தண்ணீர் காட்ட வழி கிடையாது. லாரியின் இரண்டு பக்கத் தகட்டிலும் இருக்கிற காற்றுத் துளைகளில் ஒரு விரல் நுழையும். அவ்வளவுதான்.

முதல் நாள் விரலை விட்டபோது படபடவென்று கொத்தின. இரண்டாம் நாள் சும்மா உரசிப் பார்த்தன.

அந்த இரண்டு நாளும் மணிக்கு ஒரு தடவைதான் என்ஜினைப் போட்டார். இன்று மத்தியானம் இறங்கிப் பின்பக்கம் போய் வந்த பிறகு அணைக்கவே இல்லை.

நேற்று மகள் போனில் பேசினாள். அவளுக்குக் கோழிக் கொட்டகையை வாடகைக்கு விட்டவன் நாளை வரைதான் தவணை கொடுத்திருக்கிறானாம். குஞ்சு இறங்காவிட்டால் உள்ளே மரம் அடுக்கப் போகிறானாம். இனிமேல் அந்தப் பக்கத்துக்கு மரம் வராது. இருக்கிறதைப் பதுக்க அவனுக்கு இடம் வேண்டும். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்.

"உமி பரப்பிட்டேன்ப்பா. லைட்டெல்லாம் போட்டுச் சூடு பண்ணி வெச்சிருக்கேன். நீங்க வந்தா போதும்."

ஏழு ஆறானது. ஆறு மூன்றானது. கேட் வந்துவிட்டது.

அதிகாரி காகிதத்தைப் பார்த்தார். 'உயிருள்ள சரக்கு' என்று போட்டிருந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, என்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"எல்லாம் உயிரோடதானே இருக்கு?"

"சீல் உடையலை சார்."

அதிகாரி பின்னால் போய் சீலைப் பார்த்தார். இழுத்தும் பார்த்தார். காகிதத்தில் முத்திரை விழுந்தது. கேட் மேலே போனது.

மகள் ஓடி வந்தாள். லாரி நிற்பதற்குள் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டாள்.

"அப்பா! என்ஜினை நிறுத்துங்கப்பா, குஞ்சு சத்தம் கேக்கட்டும்!"

பெரியவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார். சாவியைத் தொடவில்லை.

பக்கக் கண்ணாடியில் அவள் தெரிந்தாள். சிறுமியாக இருந்தபோது செய்த மாதிரியே காற்றுத் துளைக்குள் விரலை விட்டாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அடுத்த துளைக்குப் போனாள். முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. அதற்கு அடுத்ததற்குப் போனாள்.

அந்தப் பக்கத்தில் இருபது துளை, இந்தப் பக்கத்தில் இருபது. மத்தியானம் அவரும் இப்படித்தான், ஒன்றுவிடாமல் நாற்பதிலும் விட்டுப் பார்த்தார்.