டாக்டர் ஒப்புக்கொண்ட விண்ணப்பம்

பெரம்பலூர் பிரௌசிங் சென்டரில் கம்ப்யூட்டர் முன்னால் பூங்கொடியும் அவள் கணவன் தங்கவேலும் உட்கார்ந்திருந்தார்கள். எடை குறைக்கும் மாத்திரை கேட்டு, டாக்டரை வைத்து ஆன்லைனில் மருந்து தரும் இரண்டு கம்பெனிகளுக்கு முந்தாநாள் அவள் விண்ணப்பித்திருந்தாள். இரண்டிலிருந்தும் பதில் வந்திருந்தது.

"முதல் கம்பெனிக்காரன் தர முடியாதுன்னுட்டான். நேர்ல டாக்டரைப் பாக்கச் சொல்றான்" என்றான் தங்கவேல். "ரெண்டாவது கம்பெனியில டாக்டரே கையெழுத்துப் போட்டுட்டாரு. உன் உடம்புக்கு ரொம்பப் பொருத்தமான மாத்திரையாம். இதையே வாங்கிருவோம். அக்கா வூட்டுக் கல்யாணத்துக்குள்ள இளைச்சிருவ."

"எனக்கு முதல் கம்பெனிதாங்க வேணும்."

"முடியாதுன்னவன்கிட்ட என்ன வேலை? படிச்ச டாக்டரைவிட உனக்கு அதிகமா தெரியுமோ?"

"நான் எழுதி அனுப்புனதை ஒருதடவை பாருங்க."

தங்கவேல் சத்தமாகப் படித்தான்.

"வயசு அஞ்சு. எடை நானூறு கிலோ. நாலு மாசம் கர்ப்பம்..." அவன் குரல் இறங்கியது. "யாரோட விவரம் இது?"

"நம்ம வூட்டு எருமைதாங்க. ரெண்டு பேருக்கும் அதோட விவரத்தைத்தான் அனுப்புனேன். ஒருத்தன்தான் படிச்சுப் பாத்திருக்கான்."

பூங்கொடி நாற்காலியை நன்றாக முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இப்பச் சொல்லுங்க. எவனை நம்பி நான் மாத்திரை முழுங்கட்டும்?"