இருபது ஃபியூஸ்

"முதல்ல அந்தம்மா வீட்டு ஃபியூஸைப் பிடுங்குங்க!"

கமிட்டிக் கூட்டத்தில் முதலில் எகிறியவர் டெய்லர். அடுத்த நிமிஷமே ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

கத்தாமல் என்ன செய்வார்கள்? சூரியன் லீவு போட்டு நாலு நாள் ஆகிறது. ஓயாத மழை. மின்சாரக் கம்பி எட்டிக்கூடப் பார்க்காத குடியிருப்பு அது. ஷெட் கூரைமேல் உள்ள சோலார் தகடுகளும், ஷெட்டுக்குள் இருக்கும் பேட்டரிகளும்தான் எல்லாருக்கும் கதி. மழை விடும்வரை வீட்டுக்கு ஒரு பல்பு என்று கமிட்டி ரேஷன் போட்டிருந்தது.

கோழிக்காரம்மா மட்டும் இரண்டு பெரிய குண்டு பல்புகளை ராப்பகலாக எரித்துக்கொண்டிருந்தாள்.

"இருநூறு குஞ்சுங்க. பொரிஞ்சு மூணு நாள்தான் ஆகுது. சூடு இல்லேன்னா விடியறதுக்குள்ள விறைச்சுப் போயிடும்."

"அடுப்புப் பக்கத்துல வெச்சுக்கறது!" என்றார் டெய்லர்.

"இருநூத்தையும் அடுப்புல வெச்சா குழம்புதான்யா வரும். கத்தரிக்கோல் பிடிக்கிற ஆளுக்கு வெட்டறதைத் தவிர வேற என்ன தோணும்?"

அவளிடம் அதுதான் பிரச்சினை. கெஞ்ச வேண்டிய இடத்திலும் வாய் சும்மா இருக்காது. அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆளே அங்கே கிடையாது.

"நீங்க சொல்லுங்க. தாங்குமா?" என்று பேட்டரிக்காரரைக் கேட்டார் தலைவர். பேட்டரிகளைப் பார்த்துக்கொள்வதும், யார் வீட்டு லைனை மாட்டுவது, யார் வீட்டு லைனைக் கழற்றுவது என்பதும் அவர் வேலை.

"அந்த ரெண்டு பல்பு இழுக்கிற கரண்ட்டுல இருபது வீட்டுக்கு விளக்கு எரியும். இப்படியே போனா இன்னிக்கு ராத்திரியே மொத்தமும் படுத்துடும்." அவர் உள்ளதைச் சொன்னார்.

"அப்ப சாயங்காலம் ஆறு மணிக்குப் பிடுங்கிடுங்க. கூட்டம் முடிஞ்சது."

கோழிக்காரம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அதுங்கதாங்க என் பொழைப்பு" என்றாள். அவள் குரல் இறங்கி யாரும் கேட்டதில்லை. ஆனாலும் ஒருத்தர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

பேட்டரிக்காரருக்கு மனசு கொதித்தது. சே, என்ன ஜனங்க இதுங்க! ஒருத்தருக்காவது நெஞ்சுல ஈரம் இருக்கா?

ஐந்து மணிக்கு ஷெட்டின் பின்கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். திறந்தால் டெய்லர்.

"என் வீட்டு லைனைக் கழட்டிடுங்க."

"ஏன், என்னாச்சு?"

"எனக்கு இருட்டுலதான் நல்லாத் தூக்கம் வருது. அந்தக் கரண்ட்டை அவ குஞ்சுங்களுக்கு விடுங்க. ஆனா என் பேரு மட்டும் வெளிய வரக் கூடாது. அப்புறம் அந்த வாயை யாரு தாங்கறது?"

பேட்டரிக்காரர் டெய்லர் வீட்டு ஃபியூஸைக் கழற்றித் தட்டில் போட்டார்.

டெய்லர் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் டீச்சர் வந்தார்.

"என் லைனைக் கழட்டிடுங்கண்ணே. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"பசங்க நோட்டு திருத்தணுமே டீச்சர்?"

"நோட்டு எங்க ஓடிடப் போகுது? குஞ்சுங்க அப்படியா?"

அப்புறம் வரிசைதான். ஒருத்தருக்குத் தலைவலி, வெளிச்சமே ஆகாதாம். இன்னொருத்தர் வீட்டில் பூச்சித் தொல்லையாம். ஒருத்தரைப் பின்கதவு வழியாக அனுப்பிவிட்டு அடுத்தவரை முன்கதவு வழியாக உள்ளே விடுவதற்குள் பேட்டரிக்காரருக்கு மூச்சு வாங்கியது. தான் மட்டும்தான் வந்திருக்கிறோம் என்று ஒவ்வொருத்தருக்கும் நினைப்பு.

கடைசியாக, மூக்கு வரைக்கும் மழைக்கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலைவர்.

"தலைவர்ங்கற முறையில நான் தீர்ப்பை மாத்த முடியாது. வீட்டுக்காரன்ங்கற முறையில சொல்றேன், என் ஃபியூஸைப் பிடுங்கிடுங்க. மூச்சு விடக் கூடாது."

தட்டில் கிடந்ததை எண்ணிப் பார்த்தார் பேட்டரிக்காரர். சரியாக இருபது. கோழிக்காரம்மா ஃபியூஸைத் தொடவே இல்லை.

ஏழு மணிக்குத் தொப்பலாக நனைந்துகொண்டு அவளே வந்துவிட்டாள்.

"ஆறு மணின்னீங்க, ஏழாச்சு. பிடுங்கறதுன்னா பிடுங்கித் தொலைங்க. இப்படிக் காக்க வெச்சுக் கொல்லாதீங்க!"

"பிடுங்கலைம்மா. மழை விடற வரைக்கும் எரியட்டும்."

"கமிட்டி?"

"அதை நான் பார்த்துக்கறேன்."

அவ்வளவுதான், பொலபொலவென்று அழுதுவிட்டாள். "இங்க நீங்க ஒருத்தர்தாண்ணே மனுஷன். மத்ததெல்லாம் கல்லு!"

பேட்டரிக்காரர் வாயைத் திறந்தார். இருபது பேருக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார். சும்மா சொல்லக் கூடாது, அதைக் கேட்க இனிக்கத்தான் செய்தது.

ஷெட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தார். கோழிக்காரம்மா வீட்டைத் தவிரத் தெரு முழுக்கக் கும்மிருட்டு. எது யார் வீடு என்றே தெரியவில்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட ஜனங்க! இவங்களைப் போய்த் தப்பா நினைச்சோமே!

தண்ணீரைச் சளக் சளக்கென்று மிதித்துக்கொண்டு நடந்தவர் சட்டென்று நின்றார். தூரத்தில் இன்னொரு வீட்டு ஜன்னலிலும் ஜம்மென்று வெளிச்சம்.

வந்ததே கோபம் அவருக்கு! அடப்பாவி, ஊரே இருட்டில் உட்கார்ந்திருக்கு, இவன் ஒருத்தன் மட்டும் விளக்கைப் போட்டுக்கிட்டு ஜாலியா இருக்கானா? அந்தக் கல்நெஞ்சுக்காரனை இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று போனார். படியேறி, கதவை இடிக்கக் கையை ஓங்கினார்.

கதவு தானாகத் திறந்தது. அவருடைய மனைவி நின்றிருந்தாள்.

"வந்துட்டீங்களா? ஊரே இருண்டு கிடக்குதுங்க. நல்ல வேளை, நம்ம வீட்டுலயாவது விளக்கு எரியுது!"