சல்லடை அறைக் கூண்டு

“பன்னண்டு நுரையீரலும் சுத்தமா இருக்கு” என்றார் டாக்டர் ஏசுதாஸ். நல்ல செய்தி சொல்கிறவர் முகமாக அது இல்லை.

ஆஸ்பத்திரி ஆயா இன்பமேரி ஆவலோடு நிமிர்ந்தாள். “எங்க வீட்டுக்காரரோடதும் சேத்தாய்யா?”

“மனுசங்களோடது இல்லம்மா. கினிப்பன்றிங்களோடது. நேத்து ராத்திரி அறுத்துப் பார்த்தேன்.”

டாக்டர் மேசைமேல் கூண்டு காலியாக இருந்தது. மூன்று மாதமாக, தினமும் சாயங்காலம் தொழிற்சாலையில் மெஷின் நின்ற பிறகு, காந்தலூர் கேரட்டும் முட்டைக்கோஸ் இலையும் வைத்து அந்த வெள்ளைக் குட்டிகளை வளர்த்தவள் அவள்தான். வேறு தீனி கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

எழுபத்துநாலாம் வருடம் அது. உடும்பஞ்சோலைக்கு மேலே, தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் அறையில்தான் அதுவரை கூண்டு இருந்தது. டாக்டர் ஆசையாக வளர்க்கும் பிராணிகள், குளிர் தாங்காது, இந்த அறைதான் கதகதப்பு என்று எஸ்டேட் துரை எல்லோரிடமும் சொல்லியிருந்தார். துரை சொன்னால் அந்த மலையில் மறுபேச்சு ஏது?

“இனிமே சொல்லலாம்மா” என்றார் டாக்டர். “தேயிலைத் தூசி உள்ள போகப் போக நுரையீரல்ல சில பொருள் சுரக்கும். ஹிஸ்டமின்னு ஒண்ணு. அது மூச்சுக்குழாயை வீங்க வச்சு இறுக்கிப் பிடிக்கும். குட்டிங்களுக்கு அப்படி ஆயிருந்தா, தூசி இழுக்கிற ஃபேன் போடறேன், இருமுற ஆளுங்களை வெளிவேலைக்கு மாத்தறேன்னு துரை ஒத்துக்கிட்டிருந்தார். முடியறவரைக்கும் ஆளுங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு கண்டிஷன்.”

இன்பமேரியின் புருஷன் மிக்கேல்ராஜ் அந்த அறையில் ஏழு வருடமாக வேலை செய்கிறான். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்குகிறான். வெளிவேலை கேட்டு நாலு முறை துரையிடம் போய், நாலு முறையும் திட்டு வாங்கித் திரும்பியவன்.

“அப்ப இவருக்கு எதனாலய்யா இப்படி?”

“தூசியால இல்லைன்னு ரிப்போர்ட் போயிருச்சும்மா. இன்னொரு தடவை பார்க்க துரை விடமாட்டார். ரெண்டு வருசம் கெஞ்சித்தான் இதுக்கே சம்மதிச்சார்.” கூண்டுக் கம்பியில் சிக்கியிருந்த புல்விதைகளை நகத்தால் கிள்ளிப் போட்டபடியே பேசினார். அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது.

இருமல் முன்னே வர, மருந்துச் சீசாவோடு மிக்கேல்ராஜ் பின்னே வந்தான். காலிக் கூண்டைக் கண்டதும் அவன் முகம் மாறியது.

“குட்டிக எங்கய்யா?”

இன்பமேரிதான் சொன்னாள். “அறுத்துப் பாத்துட்டாக. ஆனா ஒண்ணுக்கும் நெஞ்சுல சீக்கு இல்லையாம்.”

மிக்கேல்ராஜ் கூண்டை ஒரு தடவை தடவிக் கொடுத்தான். மூச்சு நிதானப்பட அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“எப்படிய்யா சீக்கு வரும்? பாவம், தும்முதுகளேன்னு, மெஷின் ஓடுற வரைக்கும் தெனமும் நான்தான் கூண்டை வெளிய புல்லுல வச்சிருப்பேனே.”