சுற்றுச் சாலை

"பஜார் வேண்டாம், ஜம்பு! புதுச் சாலையிலே விடு!"

டிரைவர் ஜம்புலிங்கம் பிரேக்கை மிதித்தான். "க்யா ஐயா, ஏன்? பஜார் வழியா போனா வீடு இதோ இருக்கு. புதுச் சாலை மலையைச் சுத்திக்கிட்டுப் போகுது. அது மர லாரிங்களுக்குப் போட்டது."

"எனக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்காங்க. சலோ!" என்றார் குருநாதன்.

ஜீப் வலப்புறம் திரும்பியது. பக்கத்தில் இருந்த பக்தவத்சலம் சிரித்தார். குருநாதனின் மகள் முத்துமணியைத் தம் மகனுக்குப் பெண் பார்க்க, வட அந்தமானின் திக்லிபூரிலிருந்து அன்று காலைதான் கப்பலில் போர்ட் பிளேர் வந்து இறங்கியிருந்தார். அவர் மனைவி மங்கையர்க்கரசியும் மாப்பிள்ளையும் தனியே டாக்சியில் வந்துகொண்டிருந்தார்கள்; டாக்சிக்காரனிடமும் புதுச் சாலை என்றே குருநாதன் சொல்லியிருந்தார்.

"பஜாரை ஒரு பார்வை பார்க்கலாம்னு இருந்தேனே, சம்பந்தி."

"அதிலே என்ன பார்க்க இருக்கு? லாரி, மாடு, கூச்சல். மழை பெய்தா முழங்கால் சேறு. கௌரவமான குடும்பம் போற வழியா அது?"

ஜம்புலிங்கம் இருமினான்.

"நீ ரோட்டைப் பார்!"

குருநாதன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பக்தவத்சலம் பஜாருக்குள் கால் வைத்தால் சம்பந்தம் அங்கேயே முறிந்துவிடும். அது அவருக்கு நிச்சயம். அதனால்தான் அடைமழை, ஆடி மாதம், பல்வலி என்று பெண் பார்க்கும் நாளைத் தள்ளிக்கொண்டே வந்தார். சுற்றுச் சாலை திறந்த செய்தி கேட்ட பிறகே, "வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

"பூ, பழம் வாங்கணுமே? வெறுங்கையோட எப்படி வர்றது?"

"எல்லாம் வீட்டிலே வாங்கி வச்சாச்சு."

"வெத்திலை?"

"கொல்லையிலே கொடியே இருக்கு."

"பலே! எல்லாத்துக்கும் தயாராத்தான் இருக்கீங்க."

"பின்னே? எங்க குடும்பத்துப் பேரு திக்லிபூர் வரைக்கும் எட்டினதாலேதானே நீங்களா பெண் கேட்டு வந்தீங்க!"

"அதிலே என்ன சந்தேகம்?" என்றார் பக்தவத்சலம்.

குருநாதனின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. மலையைச் சுற்றி, செம்மண் புழுதி கிளப்பி, மர லாரிகளின் பின்னால் ஊர்ந்து, ஒருவழியாக ஜீப் வீட்டை நெருங்கியது.

வாசலில் டாக்சி முன்னதாகவே வந்து நின்றிருந்தது.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள் மங்கையர்க்கரசி. "லாரியெல்லாம் புதுச் சாலைக்குப் போயிட்டதாலே பஜார் வெறிச்சுன்னு கிடக்கு. நாங்க கடையிலே நின்னு, பேசி, கையோட கூட்டிக்கிட்டே வந்துட்டோம்."

"யாரை?" குருநாதன் ஜீப்பிலிருந்து குதித்து இறங்கினார்.

டாக்சியின் பின்கதவு திறந்தது. பெங்காலிப் பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று அவர் தலைமுழுகிய மூத்த மகன் சண்முகம், மனைவியோடு தயங்கித் தயங்கி இறங்கினான்.

"தட்டு மாத்தும்போது பெண்ணோட அண்ணன் பக்கத்திலே இருக்க வேண்டாமா?" என்றாள் மங்கையர்க்கரசி. "கப்பல்லே வந்து இறங்கினா எங்களுக்கு எப்பவும் பஜார்லே இருக்கிற இவங்க கடையிலேதான் சாப்பாடு, சம்பந்தி. இவரையும் இவர் பெண்டாட்டியையும் பார்த்துத்தானே, 'தங்கச்சி இருந்தா எங்களுக்குக் கொடுங்க'ன்னு கேட்டோம்!"